கொசுவலைத் துணி வைத்துக் குடலிறக்க அறுவை செய்யலாமா?

கேள்வி: நான் கானாவில் ஒரு மரத் தொழிற்சாலையில் கணக்காளராக இருக்கிறேன். எங்கள் காவலாளிக்கு, வயது 45, ஏழு ஆண்டுகளாகத் தொடையிடுக்கில் இருந்த வீக்கம் இப்போது விரைப்பை வரை இறங்கிவிட்டது. உள்ளூர் மருத்துவமனையில் அறுவை நிபுணர் இல்லை. பயிற்சி பெற்ற பொது மருத்துவரே கொசுவலைத் துணி வைத்துத் தைப்பாராம். தலைநகர் அக்ராவுக்கு அனுப்பும் வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்காதீர்கள். இறங்கிய குடல், வயிற்றுச் சுவரில் உள்ள துவாரத்தில் சிக்கி இரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். அந்த நிலையில் வயிற்றைத் திறந்து குடலை வெட்டி இணைக்க நேரிடலாம், உயிருக்கும் ஆபத்து.

முதலில், இது குடலிறக்கம்தானா என்று உறுதி செய்ய வேண்டும். யானைக்கால் நோய்க் கிருமியால் வரும் ஓதமும், அதாவது விரைப்பையில் நீர் கோப்பதும், அப்பகுதியில் உண்டு. வீக்கத்தின் மேல் எல்லையை மருத்துவரின் விரல்கள் பிடிக்க முடிந்தால் அது பெரும்பாலும் ஓதமே.

கொசுவலை என்றதும் நீங்கள் தயங்குவது இயல்பு. ஆனால் இந்த யோசனையைப் பரப்பியவரே மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சா என்ற சிற்றூரின் மருத்துவர் ரவீந்திரநாத் டோங்காவ்கர்தான். உகாண்டாவில் 302 ஆண்களிடம் மலிவு வலையான இந்தக் கொசுவலையையும் அறுவைக்கென்றே தயாரிக்கும் கம்பெனி வலையையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. ஓராண்டில் குடலிறக்கம் மீண்டும் வந்தவர் மலிவு வலைப் பிரிவில் ஒருவர், மற்றதில் யாருமில்லை. பூச்சிமருந்து தோய்க்காத வலையாகவும், நீராவிக் கலத்தில் 121 டிகிரியில் கிருமி நீக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கட்டும் மருந்து தோய்த்த வலை உதவாது.

யார் செய்வது என்ற கேள்விக்கு உங்கள் கானாவே பதில் தந்திருக்கிறது. வோல்டா பகுதியில் 242 நோயாளிகளிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் மீண்டும் வந்த விகிதம் பயிற்சி பெற்ற பொது மருத்துவர்களிடம் 0.9%, அறுவை நிபுணர்களிடம் 2.8%. இதை வைத்து நிபுணர்களை மட்டம் தட்ட வேண்டாம். முறையாகப் பயின்றவர் கை தாழ்ந்ததல்ல என்பதற்கு மேல் எதையும் அந்தச் சிறிய எண்ணிக்கை நிறுவாது.

ஒரு நிபந்தனை உண்டு. காவலாளி படுத்தால் வீக்கம் தானே உள்ளே போகிறதா? போனால் உள்ளூரிலேயே, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தோ ஊசி போட்டு அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோ முடிக்கலாம். போகாமல் தங்கிவிட்டால் மட்டும் அனுபவமுள்ள நிபுணரிடம், அதுவும் தாமதமின்றி, அனுப்புங்கள். அதுவரை கச்சை கட்டி வேலைக்கு வர வேண்டாம்.

நாள் குறித்த பின்னும் வீக்கம் கல்லாக இறுகி வலித்தாலோ வாந்தி வந்தாலோ, அதை அழுத்தி உள்ளே தள்ளிப் பார்க்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.