கீமோ நாட்களில் கோயிலும் விரதமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் 21 நாளைக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். வெள்ளிக்கிழமை விரதமும் மயூரபதி அம்மன் கோயிலும் அவவுக்கு உயிர். எல்லாவற்றையும் நிப்பாட்டச் சொன்னோம், ஒரே அழுகை. என்ன செய்வது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: நிப்பாட்ட வேண்டாம், நாளை மாற்றுங்கள். 21 நாள் முறையில் பெரும்பாலும் 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில்தான் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்து, கிருமி எளிதில் தொற்றும். அந்த நாட்களில் வீட்டுச் சாமியறை போதும். கோயிலுக்கு மூன்றாம் கிழமை நல்லது. அதிலும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டு, சனமில்லாத ஒரு வாரநாள் காலையில் கூட்டிப்போங்கள். அம்மன் செவ்வாய், புதனிலும் அங்கேதான் இருக்கிறாள்.

திருநீறு, குங்குமம் பூசலாம், புண் உள்ள இடத்தில் வேண்டாம். தீர்த்தம் கொதிக்க வைக்காத தண்ணீர். ஆகவே குடிக்காமல் தலையில் தெளித்துக்கொள்ளட்டும். திறந்து வைத்த பஞ்சாமிர்தம், அபிஷேகப் பால் இரண்டும் கூடாது, தோல் உரித்துச் சாப்பிடும் வாழைப்பழம் பரவாயில்லை. மருந்து ஏற்றிய முதல் சில நாட்களில் சாம்பிராணிப் புகையே குமட்டலைக் கிளப்பிவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று: பக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றுபவர்களுக்கு விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகலாம். மத்தியான வெயிலில் கொதிக்கும் கல்லில் வெறுங்காலோடு வீதி சுற்றினால், சூடு தெரியாமலே கொப்பளித்துவிடும். கற்பூரத்தையும் வேறொருவர் கொளுத்தட்டும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், அந்தக் கையில் காப்பு நூலை இறுக்கிக் கட்டக்கூடாது, கை வீங்கலாம்.

தண்ணீரும் குடிக்காத விரதம் மட்டும் வேண்டவே வேண்டாம். சைக்ளோபொஸ்பமைட் சிறுநீர்ப்பையை அரிக்கக்கூடிய கீமோ மருந்து. ஏற்றிய அன்றும் அடுத்த ஓரிரு நாளும் நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மச்சம் தவிர்த்து, பருப்பு, பயறு, காய்ச்சிய பாலோடு மரக்கறிச் சாப்பாடு சாப்பிடுவதையே விரதமாக வைத்துக்கொள்ளலாம்.

முடி இறக்குவதாக நேர்த்தி இருந்தால், முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு மூன்று கிழமையில் முடி கொட்டத் தொடங்குமுன் செய்துவிடுவது மனதுக்கும் இலேசு. சவரக்கத்தி கீறிவிடும், மெஷினால் வெட்டுங்கள். காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் பூசை முடியட்டும் என்று காத்திருக்காமல், பனடோல் கொடுத்துப் பார்க்காமல், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கேள்வி: 'என்ன பாவம் செய்தேனோ' என்று அம்மா இரவிரவாகக் கேட்கிறா. என்ன பதில் சொல்வது?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். 'அப்படிச் சொல்லாதேங்கோ' என்றால் அவ வாயை மூடிக்கொள்வா, பயம் உள்ளேயே கிடக்கும். 'எதை நினைச்சுப் பயமா இருக்கு அம்மா?' என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அநேகமாகப் பாவம் என்ற பேச்சுக்குள் பிள்ளைகளின் படிப்பு, மாப்பிள்ளை பேச்சு, காசு எல்லாம் ஒளிந்திருக்கும். பிறகு உண்மையைச் சொல்லலாம்: வயது, ஹோர்மோன், சிலருக்குப் பரம்பரை மரபணு எனப் பல காரணங்கள் சேர்ந்து வரும் நோய் இது. இன்னாருக்கு இதனால்தான் வந்தது என்று டொக்டர்களாலேயே பெரும்பாலும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. கர்மவினை பற்றி வகுப்பெடுக்க வரும் உறவினருக்குத் தேத்தண்ணி கொடுத்து, முன்விறாந்தையோடு அனுப்பிவிடுங்கள்.

வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் நித்திரையைக் கெடுக்கும். அதை நிறுத்திய பிறகு மனமும் சோர்ந்து விழலாம். அம்மா அதைத் தன் பக்தி குறைந்துவிட்டதாக நினைக்கக்கூடும். மாத்திரையைக் காலையில் எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். கவனம் சிதறும் நாட்களில் புத்தகம் பார்த்துப் படிப்பது கஷ்டம், பத்து நிமிடத் தேவாரத்தைக் கேட்க விடுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் அழுகை ஓயாவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள். சாவதைப் பற்றிப் பேசினால் ஒருநாளும் பொறுக்காமல் அன்றே சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கேள்வி: மாமிக்கு நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் கத்தோலிக்கச் சடங்கு) கொடுக்க பாதரைக் கூப்பிட்டால், 'கடைசி நேரம் வந்துட்டுதோ' என்று பயப்படுவாவே?
வாசகி, கொச்சிக்கடை

பதில்: அது, சாகும் தறுவாயில் கொடுப்பது என்ற பொருள்படும் பழைய 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பெயரின் பயம். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, கடும் நோயின் தொடக்கத்திலேயே அதைப் பெறலாம். நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். முதலில் மாமியிடமே கேளுங்கள், விரும்பினால் மருந்து ஏற்றுவதற்கு முந்திய நாள் பாதரை வரச் சொல்லுங்கள். அவருக்குத் தடிமன், இருமல் இருந்தால் வேறு நாள் பாருங்கள்.