செர்மாட் பயணத்துக்காக மூன்றாம் தூணை ஒரு வருடம் நிறுத்தலாமா?

கேள்வி: நாங்கள் பேர்ண் நகரில் வசிக்கிறோம். கணவர் உணவக சமையலறையில் முழுநேரமாகவும், நான் முதியோர் இல்லத்தில் 60 வீதமும் வேலை செய்கிறோம். மாதாந்தம் மிஞ்சும் 500 பிராங்கை கணவரின் 3ஏ கணக்கில் (மூன்றாம் தூண் எனப்படும், வரிச்சலுகையுள்ள தனிப்பட்ட ஓய்வூதியச் சேமிப்பு) போடுகிறோம். 12 வயது மகள் பாடசாலைப் பனிச்சறுக்கு முகாமுக்குப் போய்வந்தது முதல், மாட்டர்ஹோர்ன் மலையடியிலுள்ள செர்மாட்டுக்குக் குடும்பமாகப் போகவேண்டும் என்று கேட்டபடி இருக்கிறாள். மகனுக்கு 8 வயது. பெப்ரவரி விடுமுறையில் ஆறு இரவுகளுக்கு 6,800 பிராங் வரை செலவாகும் என்று தெரிகிறது. சட்டம் மாறிவிட்டதால் 3ஏ தொகையை இந்த ஒரு வருடம் நிறுத்தி, பிறகு சேர்த்துக் கட்டலாம் என்று கணவர் சொல்கிறார். இது சரியா? 13ஆவது சம்பளத்தில், வரியும் யாழ்ப்பாணத்தில் உள்ள அம்மாவுக்கு அனுப்புவதும் போக, 2,200 பிராங் மிஞ்சும்.

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகளின் ஆசையை வீண் செலவு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வகுப்பில் பாதிப்பேர் குளிர்காலம் முழுவதும் மலையைப் பற்றியே பேசும் நாட்டில் வளரும் பிள்ளை, தன் பெற்றோரும் ஒருமுறை அந்த மலையின் முன் நிற்கவேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசைதான். ஆகவே போய்வாருங்கள். ஆனால் அந்தப் பணம் 3ஏ கணக்கிலிருந்து வரக்கூடாது.

உங்கள் கணவர் சொல்லும் சட்டமாற்றம் உண்மையானதுதான். 2025ஆம் ஆண்டு முதல் உண்டாகும் விடுபாடுகளை, அதாவது 3ஏ கணக்கில் கட்டாமல் விட்ட தொகைகளை, பத்து ஆண்டுகளுக்குள் பின்னோக்கிச் செலுத்தலாம். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பின்னோக்கிச் செலுத்தும் ஆண்டில், அந்த ஆண்டுக்குரிய உச்சத்தொகையை முதலில் முழுமையாகச் செலுத்தியிருக்க வேண்டும். வேலைத்தல ஓய்வூதிய நிதியில் (இரண்டாம் தூண்) சேர்ந்துள்ள ஊழியருக்கு அந்த உச்சத்தொகை இப்போது 7,258 பிராங். நீங்கள் வருடத்துக்கு 6,000 பிராங் செலுத்துகிறீர்கள். அதாவது சாதாரண ஆண்டிலேயே உச்சத்தைத் தொடுவதில்லை. இந்த வருடம் விட்ட 6,000 பிராங்கைப் பின்னொரு வருடத்தில் நிரப்ப வேண்டுமானால், அந்த ஒரே வருடத்தில் 13,258 பிராங் கையில் இருக்கவேண்டும். மாதம் 500 பிராங் மிஞ்சும் குடும்பத்துக்கு அது எப்படிச் சாத்தியமாகும்? வருமானம் கூடியவர்களுக்கு உதவும் இந்த ஏற்பாட்டை நம்பி, உங்களைப் போன்றவர்கள் ஒரு வருடத்தைக் கைவிடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

வரியையும் கணக்கில் சேர்க்கவேண்டும். அந்த 6,000 பிராங்கால் உங்கள் வருமானத்துக்குப் பேர்ண் மாநிலத்தில் 1,200 முதல் 1,500 பிராங் வரை வரி குறைகிறது என்று மதிப்பிடுகிறேன். அதை இழந்தால் 6,800 பிராங் பயணம் உண்மையில் குறைந்தது 8,000 பிராங் ஆகிவிடும்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது முதலாம் தூண், அதாவது அரச முதியோர் ஓய்வூதியம். உங்கள் கணவர் எந்த வயதில் இந்த நாட்டுக்கு வந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. நம்மவர்களில் பலரைப் போல 27 வயதில் வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். முழு முதியோர் ஓய்வூதியத்துக்கு 44 பங்களிப்பு ஆண்டுகள் வேண்டும். அவை 21ஆம் வயதுக்குரிய ஆண்டிலிருந்தே எண்ணப்படுகின்றன. 27 வயதில் வந்தவருக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் குறையும். ஓய்வூதியத்தில் 13 வீதத்துக்கும் மேல் வாழ்நாள் முழுவதும் வெட்டப்படும். இங்கேயே பிறந்து வளர்ந்த சக ஊழியருக்கு 3ஏ ஒரு கூடுதல் வசதியாக இருக்கலாம், உங்கள் வீட்டில் அது அந்த ஓட்டையை அடைக்கும் பணம். ஊரிலிருந்து வந்து முப்பது ஆண்டுகள் சமையலறையில் நின்றவர்கள் ஓய்வூதியக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

சிறுகடன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு சொல்: விடுமுறைக்காகக் கடன் எடுக்கவேண்டாம். தவணை தவறிக் கடன் அறவீட்டுப் பதிவேட்டில் பெயர் ஏறினால், வாடகை வீடு தேடும்போதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் அது குறுக்கே நிற்கும்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். உங்கள் செலவை உயர்த்துவது செர்மாட் மட்டுமல்ல, பெப்ரவரி விடுமுறை வாரமும்தான். பேர்ண் மாநிலத்தில் ஒரு பாடசாலை ஆண்டில் ஐந்து அரைநாட்கள் வரை, காரணம் கூறாமல், முன்கூட்டியே அறிவித்துப் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. வியாழனும் வெள்ளியும் சேர்ந்தால் கூடியது நான்கு அரைநாட்கள். எனவே மார்ச் நடுப்பகுதியில் வியாழன் காலை புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்பும் மூன்று இரவுப் பயணத்தையே பரிந்துரைக்கிறேன். செர்மாட் ஊரே 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, சறுக்குதளங்கள் அதற்கும் மேலே பனியாறுவரை செல்கின்றன; தாழ்வான ஊர்களில் பனி கரையத் தொடங்கும் மார்ச்சிலும் அங்கே கவலையில்லை.

தங்குவதற்கு அங்குள்ள இளைஞர் விடுதியின் குடும்ப அறையைப் பாருங்கள். காலை உணவுடன் மூன்று இரவுக்கு 780 பிராங் ஒதுக்குகிறேன். காரில் போகவேண்டாம். செர்மாட்டுக்குள் எரிபொருள் வாகனங்களுக்கு அனுமதியில்லை. டெஷ் கிராமத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டு, அங்கிருந்து எப்படியும் தொடருந்திலோ டாக்சியிலோதான் போகவேண்டும். பேர்ணிலிருந்து ஃபிஸ்ப் வழியாகத் தொடருந்தில் இரண்டேகால் மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரலாம். உங்கள் இருவரிடமும் அரைக்கட்டண அட்டை இருந்தால் உங்கள் கட்டணம் குறையும்; பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 30 பிராங் விலையுள்ள இளையோர் அட்டை வாங்கிவிட்டால் போதும், அவர்கள் உங்களுடன் கட்டணமின்றிப் பயணிக்கலாம்.

பெரியவர்களின் ஒருநாள் சறுக்குச் சீட்டு விலை கூடியது. நீங்கள் இருவரும் இதுவரை சறுக்கியதில்லை என்றால் உங்களுக்கு அந்தச் சீட்டு தேவையே இல்லை. 9 வயது நிறையாத மகனுக்குச் சீட்டு இலவசம். மகளுக்கு இரண்டு நாட்களுக்கு மட்டும் வாங்கி, இரு பிள்ளைகளையும் ஊருக்கு மேலேயுள்ள சுன்னெக்கா சறுக்குதளத்தில் சறுக்குப் பாடசாலையில் சேர்க்க 520 பிராங் போதும். சறுக்குக் கட்டைகளையும் காலணிகளையும் பேர்ணிலேயே வாடகைக்கு எடுத்தால் மலிவு. மூன்றாம் நாள் நால்வருமாக, 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் தொடருந்தில் 3,089 மீற்றர் உயரத்துக்கு ஏறுங்கள். 4,478 மீற்றர் மாட்டர்ஹோர்ன் அங்கிருந்து முழுவதுமாகத் தெரியும். திரும்பும் வழியில் ரோட்டன்போடன் நிலையத்திலிருந்து ரிஃபல்பெர்க் வரை பனிச்சறுக்கு வண்டியில் நீங்களும் இறங்கலாம். அதற்கு முன்பயிற்சி வேண்டியதில்லை.

உணவு, சறுக்குக் கருவி வாடகை, சுற்றுலா வரி, எதிர்பாராச் செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் 2,600 பிராங் என்று போடுகிறேன். 13ஆவது சம்பளத்தில் மிஞ்சும் 2,200 பிராங்கை இதற்கு எடுங்கள். மீதி 400 பிராங்கை டிசம்பர் முதல் மூன்று மாதச் சமையல், உடைச் செலவில் பிடிக்கலாம். 3ஏ கணக்குக்கு மாதாமாதம் 500 பிராங் அனுப்பும் வங்கி நிரந்தரக் கட்டளையைத் தொடவேண்டாம்.

காப்புறுதியில் மட்டும் கவனம் தேவை. ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்வதால், உங்கள் இருவருக்கும் விடுமுறை விபத்து வேலைத்தலக் காப்புறுதியில் அடங்கும். பிள்ளைகளுக்கு அப்படியல்ல; அவர்களின் அடிப்படை மருத்துவக் காப்புறுதி மலைமீட்புச் செலவில் பாதியை மட்டும், அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங் வரைதான் ஏற்கும். மேலதிகக் காப்புறுதி இருந்தால் அதன் நிபந்தனைகளை வாசியுங்கள். பலர் ரேகா என்ற சுவிஸ் வான்வழி மீட்பு அமைப்பின் உறுப்பினராக இருப்பதே போதும் என்று நினைக்கிறார்கள்; செர்மாட் இருக்கும் வாலிஸ் மாநிலத்தில் மீட்புக்குப் பறப்பவை ஏர் செர்மாட் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் என்பதால், ஏர் செர்மாட்டின் குடும்ப மீட்பு அட்டையைப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள்.

விடுதி அறையை இந்த மாதமே பதிவுசெய்யுங்கள், குடும்ப அறைகள்தான் முதலில் தீரும். அதன்பின் இரு வகுப்பாசிரியர்களுக்கும் அரைநாள் அறிவித்தலைக் கொடுத்துவிடுங்கள்.