ஐசோபாட் கண்ணில் படவே மாட்டேன் என்கிறதா? கேள்விகளும் பதில்களும்

ஈர மண்ணிலும் இலைக்குப்பையிலும் வாழும், ஓடு மூடிய சின்னஞ்சிறு உயிரினம் ஐசோபாட். கண்ணாடித் தொட்டியில் அதை வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன: ஆசையாக வாங்கினோம், பார்க்கவே முடியவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அக்கா, ரப்பர் டக்கி என்ற வகை ஐசோபாட் வாங்கி விட்டு மூன்று மாதம் ஆகிறது. பாசி, செடி எல்லாம் வைத்த அழகான தொட்டி. ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. செத்துப்போயிருக்குமா?

பதில்: அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள், தம்பி. ரப்பர் டக்கி தாய்லாந்தின் சுண்ணாம்புக் குகைப் பக்கமிருந்து வந்த, கியூபாரிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த வகை. மண்ணுக்குள்ளும் கல்லிடுக்கிலும் ஒடுங்கிக் கிடப்பதுதான் அதன் சுபாவம். பெருகுவதும் மெதுவாகத்தான். தேடுகிறேன் என்று மண்ணைக் கிளறாதீர்கள். ஈரமான மூலையில் ஒரு கார்க் பட்டையைக் கவிழ்த்து வைத்து, எப்போதாவது மெல்லத் தூக்கிப் பாருங்கள், போதும். பார்வைக்கு வைக்க இது ஏற்ற இனமே இல்லை. விலையையும் வாத்து போன்ற முகத்தையும் பார்த்து இதை முதலில் வாங்குவதுதான் பலருக்கும் ஏமாற்றமாக முடிகிறது.

கேள்வி: அப்படியானால் எந்த வகை வெளியே நடமாடும்?

பதில்: என் முதல் சிபாரிசு டெய்ரி கௌ. போர்செலியோ லேவிஸ் இனத்தில் வெள்ளை உடம்பும் கருந்திட்டும் கொண்ட வகை. பெரிய உருவம், நல்ல பசி, கூச்சம் குறைவு. தட்டில் தீனி விழுந்தால் விளக்கு எரியும்போதே வந்துவிடும். அடுத்தது பவுடர் ஆரஞ்சும் பவுடர் புளூவும். உடம்பில் மாவு தூவிய மாதிரி இருக்கும், ஓட்டம் வேகம், நம் ஊர் வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். ஸ்பெயின் நாட்டுப் பெரிய போர்செலியோக்கள், அதாவது எக்ஸ்பான்சஸ், ஹாஃப்மன்செக்கி போன்றவை, காட்சிக்கு அற்புதம். ஆனால் அவற்றுக்கு நல்ல காற்றோட்டமும் பெரும்பகுதி உலர்ந்த தரையும் வேண்டும். பாசி மூடிய ஈரத் தொட்டியில் தாக்குப்பிடிக்காது.

கேள்வி: ஒளிய இடம் இருப்பதால்தானே ஒளிகிறது? பட்டை, இலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தெரியுமே?

பதில்: தெரியாது, மண்ணுக்குள் போய்விடும். இவை பூச்சி அல்ல, இறால், நண்டு வகையறா. பூச்சிகளின் மேல்தோலில் நீரைக் காக்கும் மெழுகுப்பூச்சு இவற்றுக்குச் சரியாக அமையவில்லை. மூச்சு விடும் உறுப்புகள் வயிற்றின் பின்பகுதி அடியில் இருக்கின்றன, அவை ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். வெளிச்சமும் வறண்ட காற்றும் இவற்றுக்கு உயிர்ப் பிரச்சினை. பக்கத்திலேயே மறைவிடம் இருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் வெட்டவெளிக்கு வரும்.

மறைவை எடுக்காமல் அதை உங்கள் பக்கம் திருப்புங்கள். கார்க் பட்டையின் குழிந்த பக்கத்தை முன்கண்ணாடியோடு ஒட்டிச் சாய்த்து வையுங்கள். அந்த இடத்தில் வெளிப்புறம் ஒரு கறுப்பு அட்டையைத் தொங்கவிட்டு, பார்க்க வேண்டும்போது மட்டும் தூக்குங்கள். கும்பலாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வயிற்றுப்புறம் தெரிவதால் தாயின் அடியில் வெளிறிய முட்டைப்பைகூடக் கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து இறங்கும் குட்டிகளுக்கு முதலில் ஆறு ஜோடிக் கால்கள்தான். ஏழாவது ஜோடி ஓடு உரித்த பிறகே வரும்.

தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஈரமாக வைத்து, தீனித் தட்டை நடுவில், முன்பக்கமாக வையுங்கள். ஈரத்துக்கும் தீனிக்கும் இடையே அவை நடந்தே ஆக வேண்டும். இரவில் மங்கலான சிவப்பு விளக்கு அவ்வளவாக உறுத்தாது. எண்ணிக்கையும் முக்கியம். பெரிய தொட்டியில் பத்து உருப்படி விட்டால் யாருக்கும் தெரியாது. முதலில் சின்ன டப்பாவில் பெருக்கி, நூறை நெருங்கியதும் மாற்றுங்கள்.

கேள்வி: என்ன தீனி வைப்பது? பாசியைத் தின்கிறதே!

பதில்: பசிதான் காரணம். காய்ந்த இலைதான் சோறு, அது எப்போதும் கனமாகக் கிடக்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் நாட்டுப் பாதாம் இலை நன்றாக ஒத்துவரும். மருந்து அடிக்காத மரத்தடியில் பொறுக்குங்கள், யூகலிப்டஸும் வேம்பும் வேண்டாம். வாரத்தில் ஓரிரு முறை மீன் தீனியோ உப்பில்லாத காய்ந்த இறாலோ கொஞ்சம். பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓடு ஒரு துண்டு, சுண்ணாம்புச் சத்துக்கு.

கேள்வி: ஒன்று பின்பாதி பளிச்சென்றும் முன்பாதி மங்கியும் இருக்கிறது. நோயா?

பதில்: இல்லை, ஓடு உரிக்கிறது. பின்பாதியை முதலில் கழற்றும், முன்பாதி பிறகு. அதற்கு முன் மார்புக்கடியில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது சேமித்து வைத்த சுண்ணாம்பு. தொடாமல் விடுங்கள். ஆனால் சாம்பல் நிற இனத்தில் ஒன்று திடீரென முழு உடம்பும் நீலமாக மினுங்கினால் அது பெரும்பாலும் இரிடோவைரஸ் என்ற வைரஸ் தொற்று. மருந்து கிடையாது, உடனே பிரித்துவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் மே மாதம் எப்படிச் சமாளிப்பது?

பதில்: சூட்டோடு காற்றில்லாத ஈரம் சேர்ந்தால்தான் கூண்டோடு போகும். மூடியில் வலை இருக்கட்டும். ஜன்னல் வெயில் படாத தரைமட்ட இடத்தில் வையுங்கள். ஏசி அறையானால் ஈர மூலை சீக்கிரம் காய்ந்துவிடும், அன்றாடம் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: அதே தொட்டியில் சின்னப் பல்லியும் வளர்க்கலாமா? ஐசோபாட் அதிகமானால் தோட்டத்தில் விடலாமா?

பதில்: பல்லியோடு டெய்ரி கௌ வேண்டாம். புரதத்துக்கு அலையும் இனம், தோல் உரிக்கும் பிராணியைக் கடிக்கக்கூடும். பவுடர் வகை பரவாயில்லை, ஆனால் பல்லிக்கு இரையாகும். தோட்டத்தில் எந்த வகையையும் விடாதீர்கள். வேறு வளர்ப்பாளருக்குக் கொடுங்கள், இல்லையென்றால் தீனியைக் குறையுங்கள், பெருக்கம் தானாகக் குறையும்.