வகுப்பறையில் இணையம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும் உள்ளன. இணையத்திலிருந்து பாடக் காணொளிகளைக் காட்டும்போது பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டாலோ எதுவும் நினைவில் இல்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: ஆடாமல் அசையாமல் பார்க்கிறார்கள் என்றீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. காணொளி தானே கேள்வியைக் கேட்டு, தானே விடையையும் சொல்லிவிடுவதால், பிள்ளையின் மனத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது. ரோடிகர், கார்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள்தான் என்றாலும், எட்டு வயதுப் பிள்ளைகளிடமும் இதை முயன்று பார்க்கலாம்.

பின்னப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ என்னும் இலவசத் தளத்தில், பின்னங்களைக் கையாண்டு பார்க்கும் செயலிகள் உள்ளன. அதைத் திறப்பதற்கு முன்பே, “மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா?” என்று கேட்டு, விடையையும் காரணத்தையும் ஒவ்வொருவரும் தாளில் எழுதட்டும். மூன்றைவிட நான்கு பெரிது என்பதால் பலர் நான்கில் ஒன்றையே சொல்வார்கள், உடனே திருத்திவிடாதீர்கள். பிறகு ஒரு பிள்ளையை அழைத்து, திரையில் கீழ் எண்ணை 3இலிருந்து 4ஆக மாற்றச் சொல்லுங்கள். திரையிலுள்ள வட்டத்தின் துண்டு சுருங்குவதைக் கண்டதும் வகுப்பில் எழும் சலசலப்பை அடக்க வேண்டாம். வட்டத்தோடு நிறுத்திவிடாமல் எண்கோட்டிலும் காட்டுவது அவசியம். இல்லையெனில் பின்னம் என்பது வெட்டிய துண்டு என்ற எண்ணமே தங்கி, அது எண்கோட்டில் தனக்கென ஓர் இடம் கொண்ட எண் என்பது பதியாமல் போய்விடும். திரையை அணைத்தபின், பார்த்ததை நினைவிலிருந்து வரையச் சொல்லி, மறுநாள் காலையில் அதிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

கணினி ஒன்றுதான் என்று வருந்த வேண்டாம். வகுப்பு முழுவதும் ஒரே படத்தைப் பார்த்து வாதிடுவது, ஆளுக்கொரு திரையில் மூழ்கிக் கிடப்பதைவிட மேல் என்பேன்.

கேள்வி: பிள்ளைகளையே இணையத்தில் தேடவிடலாமா?

பதில்: தொடக்க வகுப்புகளில் வேண்டாம். தேடலில் வந்து குவிபவற்றிலிருந்து நம்பத்தக்கதைப் பிரித்தறிவது பெரியவர்களுக்கே கடினம். 1995இல் அமெரிக்கக் கல்வியாளர் பெர்னி டாட்ஜ் வகுத்த ‘வெப்குவெஸ்ட்’ முறையில், ஆசிரியர் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த பக்கங்களை வைத்துக்கொண்டுதான் மாணவர்கள் விடை தேடுவார்கள். இரண்டு மூன்று பக்கங்களே போதும்.

கேள்வி: கற்றல் தளம் ஒன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்குத் தொடங்கச் சொல்கிறது. தொடங்கலாமா?

பதில்: 13 வயது நிறையாதவர்களின் விவரங்களைப் பெற்றோர் ஒப்புதலின்றி இணையதளங்கள் திரட்டக் கூடாது என்று அமெரிக்கா 1998இலேயே சட்டம் இயற்றியது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவாயினும், கணக்கே கேட்காத தளம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால் ஆசிரியர் கணக்கு ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். பிள்ளைகளின் முழுப்பெயரையும் படத்தையும் எக்காரணம் கொண்டும் பதிவேற்றாதீர்கள்.