பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மக்கள் தொடர்பு சொல்லிக்கொடுக்க முடியுமா, எதை வைத்துத் தொடங்குவது?

தாராளமாக முடியும். கொச்சியில் ஒரு நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில், அதாவது நிறுவனத்தின் சேதிகளை வெளியே மக்களுக்கும் நிருபர்களுக்கும் சொல்லும் பிரிவில், வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள் நான். இரண்டு வருடமாகத் தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய கம்பம் ஊரில் ஒரு பள்ளியில் சனிக்கிழமைகளில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தனியாகப் புத்தகம் தேட வேண்டாம், தமிழ்ப் பாடப்புத்தகமே போதும்.

பத்தாம் வகுப்பில் ஒரு கடிதம் உண்டு. உணவு விடுதியில் சாப்பாடு தரமில்லை, விலையும் கூடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதும் முறையீடு. பிள்ளைகளுக்கு மனப்பாடம். நான் அதைத் திருப்பிப் போட்டேன். நீதான் அந்த ஓட்டல் முதலாளி, நேற்று மதியம் சாப்பிட்ட சிலருக்கு வயிறு கெட்டுவிட்டது, கல்லாப் பக்கத்தில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுது என்றேன். வகுப்பே ஒன்றுபோல எழுதியது: "பல ஆண்டுகளாகத் தரமான சேவை", "சில விஷமிகளின் வதந்தி", "தவிர்க்க முடியாத காரணங்களால்". பெரியவர்கள் நாம் எழுதி ஒட்டுவதைப் பார்த்துத்தானே அதுகள் கற்றுக்கொண்டன, எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு இந்த வரியால் என்ன பயன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்துக்கொண்டே வந்தோம். என்றைக்கு, எந்தச் சாப்பாடு, சாப்பிட்டவர்கள் இப்போது என்ன செய்ய வேண்டும், ஓட்டல் என்ன செய்திருக்கிறது, நாலே வரிதான் மிஞ்சியது.

அப்புறம் யாருக்கு, எந்த மொழியில் என்ற பேச்சு வந்தது. "கார்த்திகை மாசம்னா சபரிமலைக்குப் போற ஆந்திரா சாமிங்க வருவாங்களே மிஸ், அவங்களுக்கு எப்படிப் புரியும்?" என்றாள் ஒரு மாணவி. சரி, தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றிலும் ஒட்டுவது என்று முடிவானது. பின்வரிசைப் பையன் ஒருவன், விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர்கள் பார்சல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், கல்லாப் பக்கம் நின்று படிக்க நேரமிருக்காது, ஜீப் டிரைவரிடம் சொல்லிவிட்டால்தான் சேதி போய்ச் சேரும் என்றான். அவன் அம்மா அந்த ஜீப்பில் போகிறவர். யார் யாரைப் பாதிக்கும், அவர்களுக்கு எந்த வழியில் சேதி போகும் என்பதைக் கல்லூரியில் எனக்கு ஒரு பருவம் முழுக்க நடத்தினார்கள், இவன் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டான்.

எப்போது சொல்வது என்பதற்கு வைகை அணையை எடுத்துக்கொள்ளுங்கள். அணையின் முழு அளவு 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. நிரம்பி வழியட்டும், பிறகு சொல்லலாம் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. எங்கள் பிள்ளைகள் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் 1906 கதை சட்டென்று பிடிபட்டது. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்து என்றால் மூடி மறைப்பதுதான் அன்றைய ரயில் கம்பெனிகளின் வழக்கம். பென்சில்வேனியா ரயில்வேக்காக மக்கள் தொடர்பு வேலை பார்த்த ஐவி லீ நடந்ததை எழுதி நிருபர்களிடம் கொடுத்தார். முதல் செய்திக்குறிப்பு அதுதான் என்று பலரும் சொல்வார்கள்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும், தயாராக இருங்கள். "கம்பெனியே பொய் எழுதச் சொன்னா என்ன மிஸ் செய்வீங்க?" மழுப்பாதீர்கள். என்னை ஒருமுறை அப்படி எழுதச் சொன்னார்கள், மறுத்தேன், பக்கத்து மேஜையில் இருந்தவர் எழுதிக் கொடுத்தார் என்று உள்ளபடி சொன்னேன். "அப்புறம் வெளியே தெரிஞ்சுதா?" என்றான் ஜீப் பையன். மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது, அங்கே வேலை பார்த்தவர்களின் வீடுகளிலிருந்தே.