விரதம் இருந்தா படபடப்பு போயிடுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயசு 58, இதயத்துடிப்பு தாறுமாறா இருக்கு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொல்லி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுத்திருக்காங்க. இவரு கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்தா மாத்திரையே வேணாம்ங்கறாரு. விடலாமா டாக்டர்?

பதில்: மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீங்கம்மா, அது படபடப்புக்கு இல்ல, இதயத்துல ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய் பக்கவாதம் வராம தடுக்கறதுக்கு. அதுவும் ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம்னா சாப்பாட்டோடதான் போடணும், வெறும் வயித்துல போட்டா உடம்புல சரியா சேராது. வார்ஃபரின்னா சாப்பாடு குறையும்போது ரத்தம் ரொம்ப இளகிடும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற ஐஎன்ஆர் அளவு ஏறிடும். தண்ணிகூட குடிக்காம இருந்தா பொட்டாசியம், மெக்னீசியம் ஏறி இறங்கி துடிப்பு இன்னும் மோசமாகும், நீர் பிரியற மாத்திரையும் போடறவர்னா கேக்கவே வேணாம். அதனால முழுப்பட்டினி வேண்டாம், பாலும் பழமும் ஒருவேளை சாப்பாடும்னு இருக்கணும்னாகூட அவரோட கார்டியாலஜிஸ்ட்ட கேட்டுட்டு இருக்கட்டும்.

ஆனா உடம்பைப் பார்த்துக்கணும்னு அவருக்குத் தோணுச்சே, அது ரொம்ப நல்ல விஷயம்! ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல குண்டா இருந்த இந்த நோயாளிகளை வருஷக்கணக்கா கவனிச்சு 2015ல வெளியிட்ட ஆய்வுல, எடையில 10 சதவீதம் குறைச்சவங்களுக்கு துடிப்பு சீராவே இருக்கற வாய்ப்பு ஆறு மடங்கு இருந்துச்சு. 90 கிலோன்னா 9 கிலோ, அதை மெதுவா குறைக்கட்டும். குடி இருந்தா அடியோட விடணும். தூக்கத்துல பலமா குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வருதான்னு நீங்க ராத்திரி கவனிச்சு டாக்டர்ட்ட சொல்லுங்க, பல பேருக்கு அதுதான் காரணமே. திடீர்னு வாய் கோணுறது, கை தொய்யறது, பேச்சு குழறுறதுன்னா உடனே 108.