செட்டிநாட்டில் மான் வேட்டைக்கு ஏற்பாடு செய்ய முடியுமா?

பொங்கல் விடுமுறைக்கு ஆறு பேர் காரைக்குடி வருகிறீர்கள், அதில் ஒருவர் வெளிநாட்டில் உரிமம் எடுத்து மான் சுட்டவர், இங்கேயும் ஒரு நாள் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குச் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம். எங்கள் காடுகளில் புள்ளிமான் இருப்பது உண்மைதான். கோடையில் தண்ணீர் தேடி ஊர்ப்பக்கம் வந்து நாய்களிடம் கடிபடும். ஆனால் வேட்டை கிடையாது. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட சில விலங்குகளுக்கு உரிமம் வாங்க வழி இருந்தது. 1991-ல் திருத்தம் வந்து அதையும் எடுத்துவிட்டது. 2022 திருத்தத்தில் பொதுவான அபராதத்தின் உச்சம் 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாகிவிட்டது. சிறையும் உண்டு, போன வண்டியும் பறிமுதலாகும். கறியை வாங்கித் தின்றவரும் தப்ப முடியாது. “தெரிந்த ஆள் இருக்கிறார், ராத்திரி டார்ச் அடித்துப் போகலாம்” என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள், பொங்கல் பானையை ஸ்டேஷனில்தான் வைக்க வேண்டிவரும். அப்புறம், பழைய வீட்டுச் சுவரில் மான் கொம்பைப் பார்த்துவிட்டு, பழம்பொருள் கடையில் அதைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அதுவும் இதே சட்டம்தான்.

வேட்டை என்றால் எங்கள் பக்கம் பாரிவேட்டைதான். சிவராத்திரி முடிந்ததும் சிங்கம்புணரிப் பக்கத்து ஊர்களில் கம்பும் நாயுமாகக் கிளம்புவார்கள். மானுக்கு இல்லை, முயலுக்கு. கிடைத்ததை வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள், நாய் கொண்டு வந்தவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக. அந்தக் கறியில் மிளகைத் தவிர எதையும் போடக்கூடாது என்பது என் அப்பத்தாவின் சட்டம். இப்போது முயலும் அரசாங்கச் சட்டத்துக்குள் வந்துவிட்டதால் வனத்துறை முன்கூட்டியே எச்சரிக்கிறது, பிடித்தால் அபராதம் போடுகிறது. வயதானவர்களுக்கு இதில் வருத்தம்தான், நான் மறைக்கவில்லை. சாமி குதிரை வாகனத்தில் ஏறிப் போகிற பரிவேட்டை மட்டும் கோயில்களில் அப்படியே நடக்கிறது.

சரி, ஆறு பேரும் வந்து என்ன செய்வது? தை 3 அன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. கூட்டம் தாங்காது, காலையிலேயே போய் மேடான இடமாகப் பிடியுங்கள். அடுத்த நாள் வேட்டங்குடி. பெயரில்தான் வேட்டை, 1977 முதல் பறவைகள் சரணாலயம். பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்த வருஷமாக இருந்தால்தான் அங்கே பறவைக் கூட்டம் இருக்கும், வறண்டிருந்தால் ஏமாற்றம். யாரையாவது விசாரித்துவிட்டுப் போங்கள்.

மானைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பட்டுக்கோட்டை வழியாகக் கோடியக்கரை போய்விடுங்கள். வெளிமானுக்காகவே 1967-ல் வந்த சரணாலயம் அது. முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகுமாகக் கிடா வெட்டவெளியில் நிற்கும். புள்ளிமானும் உண்டு. விடிவதற்கு முன்பே காரைக்குடியிலிருந்து கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் எல்லாம் புதருக்குள் போய்விடும். சுட்டுப் பழகிய நண்பருக்குக் குறி பார்க்கும் பொறுமை இருக்கும், கேமராவை அவரிடம் கொடுங்கள்.

கறி ஆசைக்குக் காரைக்குடி மெஸ்களில் காடை வறுவல் கிடைக்கும். அது பண்ணையில் வளர்ந்தது, பயப்படாமல் சாப்பிடலாம்.